ஐம்பத்தைந்து வாட்

கம்பெனி பல்பு ஒன்று எண்ணூற்று நாற்பது.
அதுவும் கோயம்புத்தூரில் சொல்லிவைத்து
வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரவேண்டும்.
சாதா பல்பு அறுபத்தைந்து,
கோத்தகிரியில் டயர் கடையில்கூடத் தொங்குகிறது.
வேனை விற்றவன் இதைச் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
ஏப்ரல் மாதம், பட்டப்பகல்,
பனிவிளக்கைப் பற்றி யார் கேட்பார்?

மேபல் செத்த பல்பைச் சாக்குக்குள் வைத்து
ஒரே தட்டு.
மிஞ்சியது கறுப்புக் கழுத்து.
"இது போதும். தலை வேற வச்சுக்கலாம்."
பிள்ளையாருக்கே வச்சாங்களே என்றேன்.
அவள் சிரிக்கவில்லை,
வாயில் ஸ்க்ரூ இருந்தது.

கழுத்தின் உள்விளிம்பை அரத்தால் தேய்த்தாள்.
பால்பவுடர் டப்பாவில் வெட்டிய தகரத்தில்
புது பல்பை உட்காரவைத்தாள்.
கண்ணாடியில் விரல் படக்கூடாதாம்,
பட்ட இடம் சூடேறி வெடிக்குமாம்.
நான் நீட்டிய காகிதத்தை முகர்ந்துவிட்டுத்
திருப்பிக் கொடுத்தாள்:
"வர்க்கி சுத்தினது. எண்ணெய்."

ரேஷன் கடை ஷட்டரில் அடித்துப் பார்த்தோம்.
வெளிச்சம் ஷட்டரில் விழவே இல்லை,
எழும்பிப் போய் சில்வர் ஓக் உச்சியில் உட்கார்ந்தது.
"மரத்துக்கு என்னத்துக்கு லைட்டு?" என்றார்
டீக்கடை லாசர்.
பழைய இழை எரிந்த இடத்திலேயே
புது இழையும் எரியவேண்டும்.
இரண்டு மில்லிமீட்டர் தப்பினால்
மஞ்சு வெள்ளைச் சுவராகிவிடும்,
நம் காசில் நாமே கட்டிய சுவர்.
வாஷர் வைத்தாள், எடுத்தாள்,
தேய்த்து மறுபடி வைத்தாள்.
ஆறரை மணிக்கு
ஷட்டரின் முழங்கால் உயரத்தில்
வேட்டிக் கரை மாதிரி ஒரு கோடு.

"இடது பக்கம் நாளைக்கு.
பழசு இருபத்தேழு வாட், இது ஐம்பத்தைந்து.
ஓடும்போது காத்து ஆத்திடும்.
நின்னா அணைச்சிடு.
கழுத்து பிளாஸ்டிக்."

இரண்டாம் ஷிஃப்ட் விட்டு ஆறு பேர் ஏறினார்கள்.
வேன் முழுக்க இன்னும் கொதிக்காத டீயின் வாசனை.
கட்டபெட்டு தாண்டியதும் மஞ்சு இறங்கியது.
இறங்கியது என்ன,
ரோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது.
வலது விளக்கில் நடுக்கோடு மட்டும்.
அதைப் பிடித்துக்கொண்டு
இரண்டாவது கியரில்
ஒரு வளைவு, இன்னொன்று.
மூன்றாவதில்
நான்கு கால்கள்.

பள்ளிக்கூட சாக்ஸ் போல முழங்கால்வரை வெள்ளை.
அதற்குமேல் ஒன்றுமில்லை.
உடம்பு இல்லை, கொம்பு இல்லை.
மேலே எங்கோ ஒரு மூச்சு.

நின்றேன். காட்டெருமையும் நின்றது.
ஹார்ன் அடித்தால் எந்தப் பக்கம் பாயும் என்பது
அதற்கே தெரியாது.
ஒரு நிமிஷம். இரண்டு.
பிளாஸ்டிக் தீயும் வாசனை,
முதலில் சந்தேகமாய்,
பிறகு சந்தேகமில்லாமல்.
அணைத்தால் கால்கள் போய்விடும்,
எருமை மட்டும் இருக்கும்.

பின்சீட்டில் ருக்கி விழித்துக்கொண்டாள்.
"என்னண்ணா, ஏதோ கருகுது?"
"ஒண்ணுமில்ல. எருமை."
"எருமை எப்பண்ணா கருக ஆரம்பிச்சது?"
யாரோ தூக்கத்திலேயே சிரித்தார்கள்.

ஒரு கால் எழும்பியது.
யோசித்தது. அதே இடத்தில் வைத்தது.
பிறகு வேறொரு கால்.
ஒவ்வொன்றாய்க் கோட்டைத் தாண்டித்
தேயிலைக்குள் கழன்றன.
கடைசிவரை நான் அணைக்கவில்லை.
துணிச்சல் என்று சொல்லிக்கொள்ள முடியாது.
கை சுவிட்சின் மேல்தான் இருந்தது,
அது நகரவில்லை, அவ்வளவுதான்.

காலையில் மேபல் கழற்றிப் பார்த்தாள்.
கழுத்து ஓரத்தில் பழுப்பேறி
ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.
பல்பை விடவில்லை.
"எவ்வளவு நேரம் நிறுத்தின?"
"அது போற வரைக்கும்."
"எது?"
சொன்னேன்.
கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
அப்புறம் ஒன்றும் பேசாமல்
இடது பக்கத்துக்கு
முழுக் கழுத்தையும் தகரத்திலேயே வெட்ட ஆரம்பித்தாள்.
பால்பவுடர் டப்பாக் குழந்தையின் சிரிப்பில் பாதி
கத்தரிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது.